பல்வலி போய்விட்டது, வாய் திறக்கவில்லை: காத்திருக்கலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “அம்மாவுக்கு வயது 58. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், வலி போய்விட்டது. ஆனால் தாடைக்கு அடியில் வீக்கம் இருக்கிறது, வாயைப் பாதிதான் திறக்கிறார். திங்கட்கிழமை மேட்டுப்பாளையம் இறங்கினால் போதுமா?”

போதாது. இன்றைக்கே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர்நுனி, வாயின் அடித்தளமாக உள்ள தசைக்கும் கீழே முடிவதால், அங்கே கட்டும் சீழ் ஈறு வழியாக வெளியே வராமல் கழுத்துக்குள் இறங்கிவிடக்கூடும். அங்கிருந்து நெஞ்சுவரை அதைத் தடுக்கப் பெரிய சுவர் எதுவும் இல்லை. வீக்கம் தாடையின் இருபுறமும் பரவினால் நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுப்பாதை அடைபடும். 1836இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்த இந்நோய் இன்றும் உயிரைப் பறிக்கிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குக் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் சரியாக வேலை செய்யாததால் இந்த ஆபத்து பல மடங்கு கூடுகிறது. சிறுநீரகக் கோளாறும் முதுமையும் அப்படியே.

எனக்குப் பெரிய கவலை அந்த மாத்திரைதான். சீட்டு இல்லாமல் பொட்டலத்தில் மடித்துத் தரும் நான்கைந்து மாத்திரைகளில் ஒரு ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது வலியையும் காய்ச்சலையும் மறைத்து, சர்க்கரையை ஏற்றி, சீழ் பரவ இடம் கொடுக்கும். வலி போனதாலேயே நோய் போய்விட்டதாக நம்பாதீர்கள். ஆனால் ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மருத்துவர் சொல்லி நெடுநாளாக ஸ்டீராய்டு எடுப்பவர், இதைப் படித்துவிட்டு அதைத் திடீரென நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் செய்யவேண்டியது, தாம் அதை எடுப்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்வது.

சர்க்கரை கூடியிருக்கிறது, குறைத்துக்கொண்டு வா என்று பல் பிரிவில் திருப்புவதும், பல்லைப் பார்த்துவிட்டு வா என்று சர்க்கரைப் பிரிவில் அனுப்புவதும் எத்தனை ஆண்டுகளாக நடக்கின்றன! சீழ் உள்ளே இருக்கும்வரை சர்க்கரை இறங்காது. இரண்டையும் ஒரே நாளில் கவனிக்கவேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வீக்கம் வடிந்த பிறகுதான் பல் எடுக்கவேண்டும் என்பதும் பழைய நம்பிக்கையே. மஞ்சள், சுண்ணாம்புப் பற்றும் வேண்டாம்.

எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ, குரல் மாறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, மலைப்பாதையில் 30 கிலோமீட்டருக்கு மேல் காரில் இறங்கத் துணியாதீர்கள். 108ஐ அழைத்து, முதலில் அருகிலுள்ள மருத்துவமனையில் மூச்சுப்பாதையைப் பாதுகாத்துக்கொண்டு பிறகு இறங்குங்கள். ‘ஸ்கேன் உள்ள இடம் தெரியும்’ என்று தரகுக்காக அழைத்துப்போகும் வண்டிக்காரரிடம், இந்நேரத்தில் அங்கே மூச்சுப்பாதையைப் பாதுகாக்கத் தெரிந்த மயக்கமருந்து மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் ஏறாதீர்கள்.

அம்மாவைப் படுக்கவைக்காமல் உட்காரவைத்தே கூட்டிச் செல்லுங்கள். மிஞ்சிய மாத்திரைப் பொட்டலத்தையும் சர்க்கரைக் குறிப்பேட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.