ஹைன்லன்வில் நினைவிடம்: சிவப்புத் தோரணவாயில் வேண்டாம்

வணக்கம். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் மறைந்துபோன ஹைன்லன்வில் சீனர் குடியிருப்புக்கு நினைவிடம் வரைகிறீர்கள், தரையில் எதுவும் மிஞ்சாததால் சைனாடவுன்களில் காணும் சிவப்புத் தோரணமான டிராகன் வாயில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. சான் பிரான்சிஸ்கோவின் டிராகன் வாயிலே 1970இல் வந்ததுதான். ஹைன்லன்வில் சீனர்கள் வாழ்ந்த இடத்தின் அடையாளம் வேலி. 1887 மே 4 அன்று அவர்களின் முந்தைய மார்க்கெட் தெருக் குடியிருப்பு தீக்கிரையானதும், ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஜான் ஹைன்லன் எதிர்ப்பையும் மீறித் தம் நிலத்தை அவர்களுக்குக் குத்தகைக்குக் கொடுக்க, பாதுகாப்புக்காக அதைச் சுற்றி வேலி எழுப்பப்பட்டது. அந்த வேலிக்கோட்டைப் பழைய வரைபடத்தின்படி தரையில் கருங்கல் பட்டையாகப் பதித்து, வாயில் இருந்த இடத்தில் மட்டும் பட்டையை நிறுத்திவிடுங்கள். நடப்பவர் காலே அதை உணரும்.

ஹைன்லன்வில்லில் இருந்த இங் ஷிங் குங் கோயில் 1949இல் இடிக்கப்பட்டாலும் அதன் பீடம் சான் ஹோசே வரலாற்றுப் பூங்காவின் மறுவடிவக் கட்டடத்தில் இருப்பதால், இன்னொரு நகல் எதற்கு? அடித்தள அளவைக் காட்டினால் போதும்.

கல்வெட்டில் 1887 தீயைச் சொல்லும்போது வினைச்சொல்லைக் கவனியுங்கள்: "தீப்பிடித்தது" அல்ல, "தீ வைக்கப்பட்டது". நகரமன்றமே 2021இல் அதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டதே, இன்னும் மென்று விழுங்குவானேன்?