திறையா, அஞ்சலியா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். ஆங்கிலச் சொல்வளம் போதாது என்று ஆசிரியர் சொன்னதால் ஆயிரம் சொற்கள் கொண்ட பயிற்சிப் புத்தகம் ஒன்றை வாங்கி, ஞாயிறுதோறும் இருபது சொல் மனப்பாடம் செய்ய வைக்கிறேன். புதன்கிழமைக்குள் பாதி மறந்துவிடுகிறது. ஆனால் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலை மட்டும் இரண்டாவது தடவையாகப் படிக்கிறான். அதை வாங்கி உள்ளே வைத்துவிடலாமா, இல்லை அதை வைத்தே ஏதாவது செய்யலாமா? (ஈசூனிலிருந்து ஒரு தாயார்)

பதில்: வாங்கி வைக்காதீர்கள், அம்மா. உங்களுக்கு வேண்டிய பயிற்சிப் புத்தகம் அவன் கையில்தான் இருக்கிறது, அதிலும் இரண்டாவது தடவை படிக்கிறான் என்பது ரொம்ப நல்லது, ஏனென்றால் முதல் தடவை யார் பிழைப்பார்கள் என்ற பரபரப்பில் கண் சொற்களைத் தாண்டி ஓடிவிடும், இப்போதுதான் நின்று பார்க்க அவனுக்கு அவகாசம்.

கதை தெரியாத பெற்றோருக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க எழுத்தாளர் சுசான் காலின்ஸ் எழுதி 2008இல் வந்த நாவல். பானெம் என்று ஒரு கற்பனை நாடு, அதை ஆளும் கேப்பிட்டல் என்ற நகரம், அதற்கு அடங்கிக் கிடக்கும் 12 மாவட்டங்கள். 12 முதல் 18 வயதுக்குட்பட்ட ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டமும் அனுப்பவேண்டும். அந்த 24 பேரும் ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை அடித்துக்கொண்டு சாகவேண்டும், நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்க்கவேண்டும். நிலக்கரி தோண்டும் 12ஆம் மாவட்டத்தில் தங்கையின் பெயர் சீட்டில் வந்ததும் அவளுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று முன்வருகிற 16 வயது காட்னிஸ்தான் கதையைச் சொல்கிறாள்.

அப்படி அனுப்பப்படும் பிள்ளைகளுக்கு ‘ட்ரிப்யூட்’ என்று பெயர். அதற்கு என்ன பொருள் என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள், அஞ்சலி என்று சொல்லக்கூடும். தவறில்லை. 2015இல் திரு லீ குவான் யூ மறைந்தபோது தீவெங்கும் அஞ்சலி செலுத்த அமைத்த இடங்களுக்கு ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைத்தான் வைத்தார்கள். ஆனால் அந்தப் பொருளை வைத்துப் படித்தால் கதை பிடிபடாது. இதன் பழைய பொருள், தோற்றவன் வென்றவனுக்குக் கட்டுவது. சங்கப் பாடல்களில் சிற்றரசர்கள் வேந்தனுக்குக் கட்டுவார்களே, திறை, அதேதான். கேப்பிட்டல் திறையாகப் பிள்ளைகளையே கேட்கிறது என்று நீங்கள் தமிழில் ஒரு வரி சொன்னால் சொல்லும் அவனுக்கு விளங்கும், அந்த ஏற்பாட்டின் கொடுமையும் விளங்கும். அப்புறம் அதன் உறவுக்காரர்களைக் கூப்பிடுங்கள்: கான்ட்ரிப்யூட், டிஸ்ட்ரிப்யூட், அட்ரிப்யூட். எல்லாமே பங்கு பிரித்துக் கொடுப்பது என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தவை. புவியியல் பாடத்தில் வரும் ‘ட்ரிப்யூட்டரி’ என்ற துணையாறும் இந்தக் குடும்பம்தான், தன் நீரைப் பெரிய ஆற்றுக்குத் திறை கட்டுகிறது. ஒரு சொல்லைப் பிடித்தால் ஐந்து கிடைக்கிறது பாருங்கள்.

எனக்கு இந்த நாவலில் ரொம்பப் பிடித்த சொல் ‘டிஸ்சென்ட்’. காட்னிஸ் மேடையேறியதும் எல்லாரும் கைதட்டுங்கள் என்கிறார்கள். ஒருவரும் தட்டவில்லை, கூட்டம் முழுக்க வாய்மூடி நிற்கிறது. அந்த மக்களால் காட்டமுடிந்த டிஸ்சென்ட்டிலேயே துணிச்சலானது அந்த மௌனம்தான் என்கிறாள் காட்னிஸ். பயிற்சிப் புத்தகத்தில் இதற்கு ‘கருத்து வேறுபாடு’ என்று போட்டிருப்பார்கள், ஆனால் மதியம் கோழிச்சோறா மீ கோரெங்கா என்று நண்பர்களுக்குள் வரும் வேறுபாட்டுக்கு இந்தச் சொல்லைப் போடமுடியாது. அதிகாரத்தில் இருப்பவரோ பெரும்பான்மையோ சொல்வதற்கு உடன்படாமல் நிற்பதற்குத்தான் இது பொருந்தும். கைதட்டாமல் நின்ற அந்தக் கூட்டத்தை ஒரு தடவை மனத்தில் பார்த்துவிட்டவனுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. இதுவும் குடும்பத்தோடுதான் வரும்: கன்சென்ட் (சம்மதம்), அசென்ட் (உடன்படுதல்), ரிசென்ட் (மனத்தில் கசப்பு வைத்திருத்தல்), சென்டிமென்ட். உணர்தல் என்ற வேர்.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது? ஓர் அத்தியாயத்துக்கு ஐந்து சொல் போதும். நாவலில் 27 அத்தியாயங்கள், ஆக 135 சொற்கள். ஆயிரத்தோடு ஒப்பிட்டால் குறைவாகத் தெரியும், ஆனால் இவை தங்கும். நூலகப் புத்தகம் என்றால் பக்கத்தில் கிறுக்காமல் ஒரு துண்டுத் தாளைச் செருகிக்கொள்ளட்டும். அகராதியைத் திறப்பதற்கு முன் வாக்கியத்தை வைத்து ஊகிக்கச் சொல்லுங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘போச்சிங்’ என்று வருகிறது. முட்டை வேகவைக்கிற வகை ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இங்கே வேலிக்கு வெளியே காடு, கையில் வில், பிடிபட்டால் கடும் தண்டனை. இவ்வளவும் சேர்ந்தால் திருட்டு வேட்டை என்று அவனே கண்டுபிடித்துவிடுவான், அப்படித் தானே கண்டுபிடித்த பொருள் லேசில் மறக்காது. நோட்டில் சொல்லுக்கு எதிரே பொருளை எழுதாமல், அது வந்த காட்சியை ஒரு வரியில் எழுதட்டும், கீழே தன் பள்ளியிலோ எம்ஆர்டியிலோ நடந்த ஏதாவது ஒன்றை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம். ஒரு வாரம் கழித்து நோட்டை மூடிவைத்துவிட்டு, அந்தக் காட்சியை உங்களுக்குக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் சொன்னாலும் பரவாயில்லை, அந்த ஐந்து சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் வந்தால் போதும்.

ஒரு விஷயத்தில் கவனம். ‘அவாக்ஸ்’ (நாக்கு வெட்டப்பட்ட ஊழியர்), ‘ட்ராக்கர் ஜாக்கர்’ (ஆளைத் துரத்தும் குளவி) போன்றவை ஆசிரியர் உருவாக்கிய சொற்கள், தேர்வில் எழுதினால் செல்லாது. ஆனால் ‘டெசரா’ அப்படியில்லை. கதையில் ஏழைப் பிள்ளைகள் தானியத்துக்கும் எண்ணெய்க்கும் ஈடாகத் தங்கள் பெயரைக் குலுக்கலில் கூடுதலாகப் போட்டுக்கொள்கிறார்கள், காட்னிஸ் பெயர் மட்டும் 20 தடவை இருக்கிறது. பழைய ரோமில் தானியம் வாங்க மக்கள் காட்டிய வில்லைக்கும் டெசரா என்றுதான் பெயர். பானெம் என்பதே லத்தீனில் ரொட்டி. இதையெல்லாம் தேடிப் போகிற பையனுக்கு வரலாற்றுப் பாடமும் இனிக்க ஆரம்பிக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் உயர்நிலை நான்கு மாணவன். கட்டுரையில் பாம்பாஸ்டிக் சொற்கள் நிறையப் போட்டால் மதிப்பெண் கூடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: இல்லை தம்பி. அந்தப் பெயரிலேயே பதில் இருக்கிறது, ஆங்கிலத்தில் ஒருவர் எழுத்தை பாம்பாஸ்டிக் என்றால் அது பாராட்டே இல்லை, உள்ளே சரக்கில்லாத ஆடம்பரம் என்று அர்த்தம். மேலே சொன்ன நாவலையே எடுத்துப் பார். பெரும்பாலும் எளிய சொற்கள், சின்னச் சின்ன வாக்கியங்கள், அதற்கு நடுவில் டிஸ்சென்ட் மாதிரி ஒன்று வரவேண்டிய இடத்தில் வந்து நிற்கிறது. ஒரு பக்கத்தில் இப்படி ஒன்றிரண்டு போதும். உன் சொல்வளம் உண்மையில் கைகொடுக்கும் இடம் ஓ லெவல் ஆங்கில இரண்டாம் தாள்: கருத்தறிதலில் சொந்தச் சொற்களில் பதில், 80 சொற்களுக்குள் சுருக்கம். அங்கே பெரிய சொல்லைவிட, அதே பொருள் தரும் இன்னொரு சொல் சட்டென்று நினைவுக்கு வருவதுதான் முக்கியம். இன்னொன்று, இந்த நாவல் முழுக்க நிகழ்காலத்தில் போகிறது. அந்த நடையைப் பிடித்துக்கொண்டு கட்டுரையை ஆரம்பித்துவிட்டு, பாதியில் உன்னையறியாமல் இறந்தகாலத்துக்கு மாறிவிடாதே.

கேள்வி: என் மகள் தொடக்கநிலை நான்கு. அக்கா படிப்பதைப் பார்த்துத் தானும் படிக்கவேண்டும் என்கிறாள். கொடுக்கலாமா? (ஜூரோங் வாசகி)

பதில்: இப்போது வேண்டாம். அவளால் படித்துவிட முடியும், ஆனால் பிள்ளைகளைப் பிள்ளைகளே கொல்லும் கதை பத்து வயதுக்குக் கனம் அதிகம். இரண்டு மூன்று வருடம் போகட்டும். அதற்குள் நீங்கள் ஒரு தடவை படித்துவிடுங்கள், நூலகத்தில் 21 நாள் தவணை, நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று போனால் ஒரு தடவை நீட்டிக்க வேண்டியிருக்கும். அவள் கைக்கு வரும்போது ‘ரீப்பிங்’ என்றால் அறுவடைதானே, பிள்ளைகளைச் சீட்டுப் போட்டு எடுக்கிற நாளுக்கு ஏன் அந்தப் பெயர் என்று உங்களிடம்தான் வந்து கேட்பாள்.