பள்ளமே மிஞ்சவில்லை என்றால், 300 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியதை எப்படிச் சொல்கிறார்கள்?

பள்ளத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். மழையும் ஆறும் அரித்தது போக, மிச்சத்தைக் கண்டத்தட்டுகள் உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டன. வயது உறுதியானவற்றில் மிகப் பழையது மேற்கு ஆஸ்திரேலியாவின் யாரபப்பா. அதற்கே சுமார் 223 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முந்தைய காலத்துக்குச் சாட்சி, பாறைக்குள் அடுக்காகக் கிடக்கும் மணல் அளவு உருண்டைகள்.

பெரிய குறுங்கோள் மோதினால் பாறை உருகுவதோடு நிற்பதில்லை, ஆவியாகவே போய்விடும். அந்த ஆவி மேலே எழும்பிப் பரவி, குளிர்ந்து, துளித்துளியாக உறைந்து உலகெங்கும் கொட்டும். அமைதியான கடலடியில் விழுந்தவை அப்படியே புதைந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன் பகுதியில் டொனால்ட் லோவும் கேரி பயர்லியும் 1986-ல் விவரித்தது இவற்றைத்தான். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவிலும் உண்டு. இரண்டு இடத்திலும் ஓர் அடுக்குக்கு வயது சுமார் 347 கோடி ஆண்டுகள்.

சரி, எரிமலையும் உருண்டைகளைக் கக்குமே? புவியியலாளர்களே கேட்ட கேள்விதான். பூமியின் மேலோட்டில் அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் இருக்கும் இரிடியம் என்ற உலோகம் அதிகமாக இருப்பதைக் காட்டியபோதுகூட, பிற்பாடு பாறைக்குள் ஓடிய வெந்நீர் அதைக் கொண்டுவந்து சேர்த்திருக்கலாம் என்று மடக்கினார்கள். என் கணக்கில் வழக்கை முடித்தது குரோமியம். பூமியில் எந்தப் பாறையை எடுத்தாலும் குரோமியம் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை மட்டும் மாறிய அணுக்கள்) விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த உருண்டைகளில் அது வேறு. கார்பன் மிகுந்த ஒருவகை விண்கற்களோடு பொருந்துகிறது. எரிமலையோ வெந்நீரோ அந்த விகிதத்தைக் கொண்டுவர வழியில்லை.

பார்பர்டன் அடுக்குகளில் 326 கோடி ஆண்டு பழைய எஸ்-2 தான் பிரமிப்பூட்டுவது. நாத்யா டிராபன் குழு 2024-ல் போட்ட கணக்குப்படி, வந்து மோதியது 37 முதல் 58 கிலோமீட்டர் அகலம். டைனோசர்களை முடித்ததோ சுமார் 10 கிலோமீட்டர்தான்! சுனாமி கடலடியைப் பெயர்த்த துண்டுகள் உருண்டைகளோடு கலந்தே கிடக்கின்றன. கடலின் மேல்மட்டம் கொதித்து ஆவியானதாம். ஆனால் ஆழத்திலிருந்த இரும்புச்சத்து கலங்கி மேலே வந்ததால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் அப்புறம் செழித்திருக்கின்றன.

"உலகின் மிகப் பழைய பள்ளம்" என்று வரும் செய்திகளை மட்டும் கொஞ்சம் ஆறப்போடுங்கள். கிரீன்லாந்தில் 300 கோடி ஆண்டுப் பள்ளம் என்று 2012-ல் சொன்னதைப் பின்வந்த ஆய்வுகள் மறுத்துவிட்டன. 2025-ல் பில்பாராவில் 347 கோடி ஆண்டுப் பள்ளம் என்றார்கள். சில மாதங்களிலேயே இன்னொரு குழு, அது 270 கோடிக்கும் குறைவு என்றது. அங்கே மோதல் அதிர்ச்சியில் உண்டான கூம்பு வடிவப் பாறைகள் அசல்தான். சண்டை வயதில்.