நூற்றுக்கு நூறு – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடலூர் அருகே கடலோர அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை நான். பெரும்பாலும் மீனவர், கூலி வீட்டுப் பிள்ளைகள். சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பில் 11 பேர் எழுதி அனைவரும் தேர்ச்சி. ஒன்பதில் 14 பேர் இருந்தார்கள், மூவர் இடையில் நின்றுவிட்டார்கள். இந்த ஆண்டு ஒன்பதிலிருந்து வந்த 16 பேருமே எழுதினார்கள், தேறியவர்கள் 13. ஆய்வுக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிற்கவைத்துக் கேட்டார்கள். எங்களைப் போன்ற பள்ளியை எப்படித்தான் மதிப்பிடுவது? வினாத்தாள் கடினமாகிவிட்டதா? பிள்ளைகளுக்குச் சில நூல்களும் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

வினாத்தாளை விடுங்கள். ஆண்டுதோறும் இதே புலம்பல்தான்.

16 பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை ஆறேகால் சதவீதம். ஒருத்திக்குத் தேர்வன்று காய்ச்சல் கண்டால் பள்ளியே ஆறேகால் சரியும். 200 பேர் எழுதும் நகரத்துப் பள்ளியில் அதே காய்ச்சல் அரை சதவீதம். கூட்டத்தில் இதை எழுந்து சொல்லியிருக்க வேண்டியவர் கணக்கு டீச்சரான நீங்கள். தலைகுனிந்து நின்றிருக்கிறீர்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மூவர் 'நின்றுவிட்டார்கள்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. 14க்கு 11 என்று போட்டுப் பாருங்கள்: 78.57. இந்த ஆண்டு 81.25. உங்கள் பள்ளி இறங்கவில்லை அம்மா, ஏறியிருக்கிறது. 16 பேரையும் தேர்வறை வரை கூட்டி வந்திருக்கிறீர்கள். அதற்கு யார் உங்களுக்குச் சால்வை போட்டார்கள்?

எங்கள் வகுப்பிலும் ஒருவன் இருந்தான். விடியலில் துறைமுகத்தில் மீன் தரம் பிரித்துவிட்டு வருவான். முழங்கையில் செதில் காய்ந்து மினுங்கும். வாய்ப்பாடு கேட்டால் விழிப்பான். கூடைக் கணக்கில் பைசா பிசகாது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அவன் அம்மாவை வரவழைத்து, "தனித்தேர்வராக எழுதட்டும், அவனுக்கும் நல்லது" என்றார்கள். அந்தம்மாள் ஏதோ உதவி செய்கிறார்கள் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுக் கைநாட்டு வைத்தார். அவன் எழுதவே இல்லை. அந்த ஆண்டு நூறு சதவீதம். ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். நான் கேட்டு இரண்டாவதும் வாங்கித் தின்றேன்.

நூல்களைப் பிறகு பார்ப்போம். இந்த ஆண்டு தோற்ற மூவருக்குத் துணைத்தேர்வு இருக்கிறது, நீங்கள் விடமாட்டீர்கள். சென்ற ஆண்டு நின்ற மூவரும் இப்போது எங்கே இருக்கிறார்கள்? விசாரித்து எழுதுங்கள்.