மூலத்துக்கு உண்மையாக இருந்தது தப்பா?

கேள்வி: எங்கள் பக்கத்துக் கதை ஒன்றை, 240 பக்க நாவல், நண்பர்கள் சேர்ந்து 20 நிமிடக் குறும்படமாக எடுத்தோம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் கதை. ஒரு அத்தியாயத்தையும் விடவில்லை. அவள் மனதில் ஓடுவதை நாவலின் வரிகளிலேயே பின்னணிக் குரலாக வைத்தோம். பார்த்தவர்கள் 'ரேடியோ நாடகம் மாதிரி இருக்கு' என்கிறார்கள். மூலத்துக்கு உண்மையாக இருந்தது தப்பா?
- வாசகர், அரூர்

பதில்: தப்புதான். 240 பக்கத்தை 20 நிமிடத்தில் அடைத்தால் நிமிடத்துக்கு 12 பக்கம். எந்தக் காட்சியும் நின்று மூச்சுவிட முடியாது. அந்த ஓட்டத்தில் விட்டுப்போனதையெல்லாம் சொல்லத்தான் குரல் வந்து உட்கார்ந்திருக்கிறது. திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம். உங்களுக்குக் கிடைப்பது 20 பக்கம், ஏழெட்டுக் காட்சி. 'அவன் இனி வரமாட்டான்' என்று அவளுக்குத் தெரியவரும் பகுதியை மட்டும் எடுத்திருந்தாலே போதும்.

எதை விடுவது என்பதைவிட, யார் பக்கம் நின்று பார்ப்பது என்பதுதான் பெரிய முடிவு. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' குறுநாவலிலிருந்து மகேந்திரன் 1979-இல் எடுத்த 'உதிரிப்பூக்கள்' படத்தைப் பாருங்கள். தலைப்பே சித்தியைச் சுட்டும் கதையில், அவர் மொத்த பாரத்தையும் தகப்பன் சுந்தரவடிவேலு மேல் ஏற்றிவிட்டார். ஊரே திரண்டு அவரை ஆற்றுக்குக் கொண்டுபோகும் முடிவு புத்தகத்தில் கிடையாது. தாயில்லாப் பிள்ளைகளின் கதி மட்டும் இரண்டிலும் உண்டு. பூமணியின் 'வெக்கை' நாவல் (1982) கொலை செய்துவிட்டு ஓடும் சிறுவனோடு நகர்கிறது. அதிலிருந்து எடுத்த 'அசுரன்' படம் (2019) அவன் அப்பாவிடம் போய் நின்று, அவருக்கு ஒரு முன்கதையும் கொடுக்கிறது. அந்த முன்கதை நீளம் என்பது என் கட்சி. ஆனால் பையனின் ஆத்திரத்தைப் பற்றிய கதை, அப்பன் ஏன் அடங்கிப் போகிறான் என்ற கதையாக மாறியது அதனால்தான்.

இனி உங்கள் படம். மனவோட்டத்தைக் காட்ட ஒரு வழி: அவள் கை செய்யும் வேலையைப் பிடியுங்கள். உங்கள் பக்கம் புளி தட்டாத தெரு உண்டா? அவள் வாசலில் உட்கார்ந்து கொட்டை எடுக்கப் புளி தட்டுகிறாள். கடைசி பஸ் சத்தம் கேட்டதும் தட்டுவது நிற்கிறது. பஸ் நிற்காமல் போனதும் மறுபடி தொடங்குகிறது. இதை ஒருமுறை மட்டும் காட்டினால் யாரும் கவனிக்க மாட்டார்கள், இரண்டு முறை காட்டுங்கள். மூன்றாம் முறை பஸ் வருகிறது, தட்டுவது நிற்கவில்லை. அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு வரி பேசினாலும் கெட்டது. அந்த இடத்தில் அழுகை இசையும் வேண்டாம். முகத்துக்கு குளோசப்பும் வேண்டாம், கையில் இருக்கட்டும் கேமரா. தட்டும் சத்தத்தை கேமரா மைக்கை நம்பி விடாதீர்கள். கல்லுக்குப் பக்கத்தில் ரெக்கார்டரை வைத்துத் தனியாகப் பதிவு செய்யுங்கள். யாரும் பேசாத வெறும் தெருச் சத்தத்தையும் ஒரு நிமிடம் எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் எடிட்டிங்கில் ஒவ்வொரு வெட்டிலும் சத்தம் குதிக்கும்.

பின்னணிக் குரலே ஆகாது என்று சொல்லவில்லை. படம் ஒன்று காட்ட, குரல் வேறொன்று சொன்னால் அதற்கு வேலை உண்டு. 'அவர் நல்லா இருக்காராம்' என்று அவள் குரல் மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருக்க, திரையில் அவள் அடகுக்கடைப் படி ஏறலாம். அவள் அழும்போது 'அவள் அழுதாள்' என்று படிப்பதைத்தான் வெட்டச் சொல்கிறேன். நாவலின் உரையாடலையும் அப்படியே ஒப்பிக்க வைக்காதீர்கள். நடிப்பவரிடம் கொடுத்து வாய்விட்டுப் பேசச் சொல்லுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் அரூர்ப் பேச்சு தானாக வந்து விழும்.

கடைசியாக ஒன்று. நாவலாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, யாரும் எடுக்கலாம். மற்றபடி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை அவருக்கோ வாரிசுக்கோதான். காசு வாங்காத குறும்படம் என்பதால் சலுகை கிடையாது. யூடியூபில் ஏற்றுவதற்கு முன் அந்த அனுமதிக் கடிதத்தை வாங்குங்கள்.