'எனி' எங்கே, 'எனி அதர்' எங்கே? கம்பேரட்டிவ் டிகிரியில் ஷார்ட்கட் உண்டா?

ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடும் கம்பேரட்டிவ் வாக்கியத்தில் 'எனி' (any) எங்கே வரும், 'எனி அதர்' (any other) எங்கே வரும் என்று ஷார்ட்கட் ஃபார்முலா கேட்டிருக்கிறீர்கள். பரீட்சை நெருங்கிவிட்டது போல. 'ஃபார்முலா' என்ற சொல்லைப் பார்த்ததால்தான் எழுத உட்கார்ந்தேன்.

குன்னூரில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். பெரும்பாலும் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள். ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தி பரீட்சையில், "ஆனைமுடி இஸ் ஹையர் தேன் எனி பீக் இன் தமிழ்நாடு" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் 'அதர்' சொருகி அரை மார்க்கைக் குறைத்திருந்தார்கள். பக்கத்து மார்ஜினில் 'ஆனைமுடி - கேரளா' என்று பென்சிலில் பொடியாகக் குறித்து வைத்திருந்தாள். யோசித்துத்தான் எழுதியிருக்கிறாள்!

2,695 மீட்டர் ஆனைமுடி இருப்பது இடுக்கி மாவட்டத்தில். தமிழ்நாட்டுச் சிகரங்களின் கூட்டத்திலேயே அது இல்லை. பிறகு எதற்கு 'அதர்'? எங்கள் தொட்டபெட்டாவுக்கு அதே வாக்கியம் எழுதினால்தான் 'எனி அதர்' வேண்டும். 2,637 மீட்டரோடு அது தமிழ்நாட்டுக்குள்ளேயே நிற்கிறது; 'அதர்' விட்டுப்போனால் தன்னைவிடத் தானே உயரம் என்றாகிவிடும். எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று சொல்லும் சூப்பர்லேட்டிவில் தொட்டபெட்டா 'தி ஹையஸ்ட் பீக் இன் தமிழ்நாடு'. ஆனைமுடிக்கு அப்படி எழுதவே முடியாது. கம்பேரட்டிவ், கூட்டத்துக்கு வெளியே இருந்தும் ஒப்பிடும். சூப்பர்லேட்டிவுக்கு உள்ளே இருந்தாக வேண்டும். 'சவுத் இந்தியா' என்று விரித்தால், தொட்டபெட்டா 'ஒன் ஆஃப் தி ஹையஸ்ட் பீக்ஸ்' ஆகிவிடும். அந்த 'பீக்ஸ்' பன்மையை விட்டுவிடாதீர்கள்.

"அரை மார்க்குதானே, விடுங்க டீச்சர், பிள்ளைய மொறச்சுக்குவாங்க" என்றார் அவள் அம்மா. அவரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். மேப் வரைந்தே காட்டினேன். "ஆன்சர் கீயில அதர் இருக்குங்க மேடம்" என்பதுதான் பதில். மார்க் வரவில்லை.

ஆசிரியர்களைத் திட்டுகிறேன் என்று யாரும் கமெண்டில் கிளம்ப வேண்டாம். கட்டுக்கட்டாகப் பேப்பர் திருத்தும் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் யோசித்து எழுதிய பிள்ளைக்கு மார்க் குறைப்பது அநியாயம்.

'-இஆர்', 'மோர்' விஷயம் சுலபம். கோல்ட், ஹை போன்ற ஓரசைச் சொல்லுக்கு 'இஆர்'. ஹேப்பி மாதிரி ஒய்-யில் முடிந்தால் 'ஹேப்பியர்'. பியூட்டிஃபுல் போன்ற நீளச் சொல்லுக்கு 'மோர்'. 'மோர் கோல்டர்' என்று இரண்டையும் சேர்த்தால் தப்பு. குட், பேட் இரண்டும் தனி வழி: பெட்டர், பெஸ்ட், வர்ஸ், வர்ஸ்ட்.

இன்னும் விளக்கியிருப்பேன். தொடர் விடுமுறைக்கு முந்தைய சாயங்காலம் இன்று; கீழிருந்து வரும் கார்கள் ரோட்டை அடைத்துவிட்டன. ஆறு மணி வகுப்புக்கு வரவேண்டிய பிள்ளைகள் ஏழு தாண்டியும் எல்லநள்ளி பக்கம் பஸ்ஸில் நிற்கிறார்கள். டூரிஸ்ட்டுகளுக்கு இ-பாஸ் வைத்தார்கள், சரி; பள்ளி விடும் நேரத்து பஸ்ஸுக்கு வழி விட யார் ஏற்பாடு செய்வார்கள்?