சிங்கப்பூரில் ரொக்கமா, கார்டா? கல்லாவுக்குப் பின்னால் இருந்து ஒரு பதில்

அடுத்த மாதம் சிங்கப்பூர் வருகிறீர்கள், கார்டு மட்டும் எடுத்து வந்தால் போதுமா, அங்கே யாராவது இன்னும் ரொக்கம் கொடுக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் எடுத்து வாருங்கள். ஆனால் இங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் பாதிப் பேர் "ரெண்டும் இல்ல, ஸ்கேன்தான்" என்பார்கள். நான் லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அதனால் நான் பார்ப்பதெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் இருந்துதான். அங்கிருந்து பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: வாங்குகிறவருக்கு எது பிடிக்கும் என்பது பெரிய விஷயமே இல்லை. விற்கிறவர் எதை வாங்கத் தயாராக இருக்கிறாரோ, அதைத்தான் எல்லோரும் கொடுக்கிறார்கள்.

ஆர்ச்சர்ட் ரோடு, பெரிய கடைத்தொகுதிகள், ஹோட்டல்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கார்டைத் தட்டுங்கள், போங்கள். அங்கே சில கடைகளில் ரொக்கத்தை நீட்டினால் வாங்கவே மாட்டார்கள், வாசலிலேயே அறிவிப்பு ஒட்டியிருக்கும். "அரசாங்கம் அடிச்ச நோட்டை எப்படி வேணாம்னு சொல்லலாம்?" என்று சண்டைக்குப் போகாதீர்கள். முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் கடைக்காரர் ரொக்கத்தை மறுக்கலாம், இங்கே சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது.

வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்) புளோக்குகளுக்குக் கீழே இருக்கும் கடைகள், காப்பிக்கடைகள், உணவங்காடி நிலையங்கள், எங்கள் தேக்கா: இங்கே கதை வேறு. "கார்டு குறைந்தது 10 வெள்ளி" என்று கையால் எழுதிய அட்டை பல கடைகளில் தொங்கும். (டாலரை இங்கே வெள்ளி என்றுதான் சொல்வோம், சென்ட்டைக் காசு என்போம். வந்த முதல் நாளே பழகிவிடும்.) விசா, மாஸ்டர்கார்டு தேய்த்தால் கடைக்காரருக்கு நூற்றுக்கு இரண்டு, மூன்று வெள்ளி வரை போகும். ஒரு மூட்டை பொன்னி அரிசியில் கடைக்கு நிற்பதே சில வெள்ளிதான். அதில் கார்டு கம்பெனியும் பங்கு கேட்டால் எங்கள் முதலாளி முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளூர் வங்கிகள் சேர்ந்து எண்பதுகளில் தொடங்கிய நெட்ஸ் என்ற உள்ளூர்க் கட்டண முறை வழியாக வங்கி அட்டையைப் போட்டால் பிடித்தம் அவ்வளவு இல்லை. அதனால்தான் பழைய கடைகளில் "நெட்ஸ் இருக்கு, கார்டு இல்ல" என்று கேட்பீர்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. நெட்ஸும் கார்டுதானே என்று முழிப்பார்கள்.

இந்தக் கணக்கை மாற்றியது பேநவ். 2017 ஜூலையில் வந்தது. கைப்பேசி எண்ணையோ அடையாள அட்டை எண்ணையோ வைத்து வங்கிக்கு வங்கி உடனே பணம் போகும், உங்கள் யுபிஐ மாதிரி. அடுத்த வருடம் செப்டம்பரில் எஸ்ஜிக்யூஆர் வந்தது. அதுவரை கல்லா மேல் ஆளுக்கொரு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டி, எதை ஸ்கேன் செய்வது என்று தெரியாமல் வாடிக்கையாளர் விழிப்பார். அதையெல்லாம் ஒரே சதுரத்துக்குள் அடக்கினார்கள். 2020-இல் கொவிட் சமயத்தில் உணவங்காடிக் கடைக்காரர்களை ஸ்கேன் முறைக்கு இழுக்க அரசாங்கமே காசு கொடுத்தது: மாதத்துக்குக் குறைந்தது 20 பேர் ஸ்கேன் செய்து வாங்கினால் 300 வெள்ளி, இப்படி ஐந்து மாதத்துக்கு. பரோட்டா போடுகிற அண்ணன் மாவுக் கையோடு நோட்டை வாங்கி மீதி கொடுக்கும் காட்சி குறைந்தது அதற்குப் பிறகுதான். சுகாதாரத்துக்கும் நல்லது, சொல்லப்போனால்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடைக்கு வந்து பாருங்கள். காலையிலிருந்தே தம்பிகள் கூட்டம், வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளிலிருந்து பேருந்து பிடித்து வருகிறவர்கள். நான்கைந்து பேராக வந்து ஒரே கூடையில் மசாலா, கருவாடு, தேங்காயெண்ணெய், ஊறுகாய் எல்லாம் போடுவார்கள். கல்லாவுக்கு வந்ததும் ஒருவர் கைப்பேசியை எடுத்து ஸ்கேன் செய்வார். "வந்துச்சாக்கா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார். எங்கள் பக்கத்துக் கைப்பேசியில் 'டிங்' என்று கேட்டால்தான் பொருள் பைக்குள் போகும். வாடிக்கையாளர் நீட்டும் திரையை முதலாளி பார்ப்பதே இல்லை. பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நழுவுகிறவர்களும் இருக்கிறார்கள் அல்லவா, அதற்காக. "எனக்கு வந்தாத்தான் எனக்குக் காசு" என்பார். கடை வாசலுக்குப் போனதும் மற்றவர்கள் ஸ்கேன் செய்தவருக்குத் தங்கள் பங்கைக் கொடுப்பார்கள், பெரும்பாலும் நோட்டாக.

சில வருடங்களுக்கு முன்பு இப்படி இல்லை. சம்பளம் வந்த ஞாயிறு என்றால் கல்லாவில் 50 வெள்ளித் தாளாகக் குவியும், மீதி கொடுக்கச் சில்லறை போதாது. 2020 ஜூலையிலிருந்து விடுதியில் தங்கும் ஊழியர்களின் சம்பளத்தை வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும் என்று மனிதவள அமைச்சு விதி கொண்டுவந்தது. சம்பளம் கையில் வராமல் கணக்கில் விழுந்ததும் செலவும் மெல்லக் கைப்பேசிக்கு மாறியது. என் கணக்கில், எத்தனையோ விளம்பரம் செய்யாததை இந்த ஒரு விதி செய்தது. சம்பளச் சீட்டில் ஒன்று, கையில் கொடுப்பது வேறொன்று என்று ஏமாற்றுவதற்கும் இடம் குறைந்தது, அதுதான் இதில் பெரிய நன்மை. ஆனாலும் சம்பளம் விழுந்த அன்றே ஏடிஎம்மில் எல்லாவற்றையும் உருவி எண்ணிப் பார்த்து வைத்துக்கொள்கிறவர்கள் இன்னும் உண்டு. ஊருக்கு அனுப்புவதும் அப்படித்தான். 2023 பிப்ரவரியில் பேநவ்வையும் யுபிஐயையும் இணைத்துவிட்டார்கள், படுத்த இடத்திலிருந்தே அனுப்பலாம். இருந்தும் நாலு கவுண்டரில் ரேட் விசாரித்துவிட்டு நோட்டைக் கட்டுகிற ஆட்களுக்குக் குறைவில்லை.

ரொக்கத்துக்குப் பிடித்தம் இல்லை, கடைக்காரருக்கு அதுதான் லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். ராத்திரி கல்லா எண்ணுகிற ஆளைக் கேளுங்கள். 10 காசு, 20 காசு, 50 காசு எனப் பிரித்து அடுக்க வேண்டும். வங்கியில் நாணயத்தைக் கட்டப் போனால் அதற்கும் கட்டணம். மீதிச் சில்லறை தீர்ந்துபோனால் பக்கத்துப் பூக்கடையில் போய் நிற்க வேண்டும். 1 காசு நாணயத்தை வெளியிடுவதை 2002-இலேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் பில் 12 வெள்ளி 43 காசு வந்தால் ஸ்கேனில் அப்படியே போகும், ரொக்கமென்றால் ஐந்து காசுக்கு ஏற்றியோ இறக்கியோ வாங்குவோம். இந்த இரண்டு காசு வித்தியாசத்துக்குக் கேள்வி கேட்கிற மாமிகளும் உண்டு, நியாயம்தான். இந்தத் தொல்லைக்காகத்தான் காப்பிக்கடைகள் பலவற்றில் நோட்டை நாமே செருகுகிற இயந்திரம் வைத்துவிட்டார்கள். செருகினால் மீதியை அதுவே துப்பும்.

பெரியவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். "வயசானவங்களுக்கு டெக்னாலஜி புரியாது" என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைச் செலவுக்காக அரசாங்கம் குடும்பங்களுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டுகள் குறுஞ்செய்தி இணைப்பாகத்தான் வருகின்றன. எங்கள் கடைக்கு வரும் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் அதைத் திறந்து, வேண்டிய தொகையைத் தேர்ந்து, க்யூஆரை எங்கள் முன் நீட்டுகிற வேகம் எனக்கே வராது. கைப்பேசி இல்லாதவர்கள் சமூக மன்றத்தில் அச்செடுத்துக் கொண்டுவருகிறார்கள். அதே பாட்டி அதைத் தாண்டி வாங்கும் பொருளுக்குச் சுருக்குப்பையைத்தான் திறப்பார். ஏன் என்று கேட்டேன். "பற்றுச்சீட்டு போனா கவர்மெண்டு காசு. பேங்க்ல இருக்கறது என் காசுடி" என்றார்.

அவர் பயம் வீண் பயமில்லை. 2021 டிசம்பரில் ஒரு வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பி நூற்றுக்கணக்கானவர்கள் ஒரு கோடி வெள்ளிக்கு மேல் இழந்தார்கள். அதற்குப் பிறகு வங்கிகள் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவதையே நிறுத்தின. இணையம் வழியாகத் தொட முடியாதபடி சேமிப்பில் ஒரு பகுதியைப் பூட்டி வைக்கும் வசதியை 2023 இறுதியில் கொண்டுவந்தார்கள். எடுக்க முடியாத இடத்தில் பணத்தை வை என்று வங்கியே சொல்கிறது என்றால், பாட்டி பல வருடமாகச் செய்வதும் அதுதானே.

பணம் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்கிற ஆசை பெரியவர்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. 2024 ஜனவரியில் நடந்த கூத்தைப் பாருங்கள். ரயில், பேருந்துக் கட்டணத்துக்கான பழைய ஈசிலிங்க் அட்டைகளை ஜூனில் முடித்துவிட்டு எல்லோரும் சிம்ப்ளிகோ முறைக்கு மாறுங்கள் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. இதில் ரொக்கம் எங்கேயும் வரவில்லை, அட்டையிலிருந்து அட்டைக்குத்தான் மாற்றம். ஆனால் புதிய முறையில் எம்ஆர்டி ரயில் நிலையக் கேட்டைத் தட்டும்போது எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்று அந்த இடத்தில் அப்போது தெரியவில்லை, செயலியில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. ஊரே கொதித்தது. இரண்டே வாரத்தில் அரசாங்கம் பின்வாங்கி, பழைய முறையைத் தொடர 4 கோடி வெள்ளி ஒதுக்குவதாக அறிவித்தது. சிங்கப்பூரில் அரசாங்கம் இவ்வளவு சீக்கிரம் மனம் மாறுவதை நீங்கள் அடிக்கடி பார்க்க முடியாது.

பேருந்தில் இன்றும் ரொக்கம் போடலாம், தெரியுமா? ஓட்டுநர் பக்கத்தில் உண்டியல் மாதிரி ஒரு பெட்டி இருக்கும். கட்டணம் அட்டையைவிட அதிகம், மீதியும் தரமாட்டார்கள்.

ரொக்கம் தேவையே இல்லை என்று அடித்துப் பேசுகிறவர்களுக்கு நான் 2023 அக்டோபர் சனிக்கிழமை ஒன்றை நினைவுபடுத்துவேன். ஒரு தரவு மையத்தில் குளிரூட்டும் அமைப்பு பழுதாகி, இரண்டு வங்கிகளின் சேவை பிற்பகலில் படுத்துவிட்டது. கார்டு இல்லை, ஸ்கேன் இல்லை, அவர்கள் ஏடிஎம்மும் இல்லை. தீபாவளிக்கு முந்தின மாதம், கடையில் நிற்க இடமில்லை. வரிசையில் பாதிப் பேர் கூடையை வைத்துவிட்டு வெளியே போனார்கள். தெரிந்த முகங்களுக்கு முதலாளி சீட்டில் எழுதிக் கொடுத்தார். கடன் நோட்டு என்று ஒன்று எங்கள் கடையில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இத்தனைக்கும் கணக்கு எழுதுகிறவள் நான்.

கொடுப்பதில் மரியாதை சேர்ந்துகொள்ளும் இடங்களில் நோட்டு இன்னும் அசையவில்லை. கோயிலில் அர்ச்சனைச் சீட்டை ஸ்கேன் செய்து வாங்கலாம். ஆனால் குருக்கள் தீபாராதனைத் தட்டை நீட்டும்போது கையில் ஊதா நிற 2 வெள்ளி நோட்டு வேண்டும், வெறுங்கையோடு எப்படித் தொட்டுக் கும்பிடுவது? தீபாவளிக்கு முன்பு புது நோட்டுக்கு வங்கியில் வரிசை நிற்கும். சீனர்கள் பண்டிகைக்கு உறையில் பணம் கொடுக்கும் அங்பாவ் பழக்கம் நமக்கும் ஒட்டிக்கொண்டு ரொம்ப காலமாகிவிட்டது, பிள்ளைகளுக்கு உறையில் போட்டுத்தான் கொடுக்கிறோம். புது நோட்டு அடிப்பது வீண் செலவு, நல்ல நிலையில் உள்ள பழைய நோட்டைக் கொடுங்கள் என்று நாணய ஆணையம் ஒவ்வொரு பண்டிகைக்கும் சொல்கிறது. கேட்கிறவர்கள் கேட்கிறார்கள். மொய்க்கு வரவேற்பு மேசையில் க்யூஆர் வைத்த கல்யாணங்களும் வந்துவிட்டன. சின்னப் பிள்ளைகள் கூச்சமில்லாமல் ஸ்கேன் செய்கிறார்கள். மாமாக்கள் இன்னும் உறையில் 50 வெள்ளித் தாளுடன் 1 வெள்ளி நாணயத்தைச் சேர்த்து, வெளியே பெயரை எழுதி, கையில்தான் கொடுக்கிறார்கள்.

சரி, உங்களுக்கு. பேநவ் வேண்டுமென்றால் இங்கே வங்கிக் கணக்கு வேண்டும், சில நாள் வருகிறவருக்கு அது சரிப்படாது. எம்ஆர்டி, பேருந்துக்கு வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டைத் தட்டியே போகலாம், நாளுக்குச் சிறு நிர்வாகக் கட்டணம் சேரும். கடைத்தொகுதிகளுக்கும் அதுவே போதும். சாப்பாட்டுக்கும் தேக்காவுக்கும் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், உணவங்காடியில் உங்கள் கார்டு எடுபடாத கடைகள்தான் அதிகம். ரூபாயை விமான நிலையத்தில் மொத்தமாக மாற்றாதீர்கள். சிராங்கூன் சாலையில் முஸ்தபா கடையைச் சுற்றி நாணய மாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, இரண்டு மூன்றில் ரேட் கேட்டுவிட்டு மாற்றுங்கள். மாற்றும்போது 10, 5 வெள்ளித் தாளாகக் கேட்டு வாங்குங்கள். 1,000 வெள்ளித் தாள் 2021-இலிருந்து புதிதாக வருவதில்லை, பழையது செல்லும். ஆனால் அதை எங்கள் கடையில் நீட்டினால் முதலாளி உங்களை மேலும் கீழும் பார்ப்பார். 100 வெள்ளித் தாளை நீட்டி மூன்று வெள்ளிக் கொத்தமல்லிக்கட்டு கேட்டாலே நானே பார்ப்பேன்.